பலகையின் வலது பக்கம்

இந்தப் பையைச் சித்த மடியில வச்சுக்கறீங்களா? கீழ வச்சா மிதிபட்டு நசுங்கிப்போயிரும். ஆரஞ்சுங்க. நாக்பூர் சரக்கு. விடிஞ்சதும் சந்தைக்குப் போயி ஒவ்வொண்ணா அமுக்கிப் பாத்து எடுத்தது. ஒரு டஜன். அத்தனையும் எம் பொண்டாட்டிக்கு. திருச்செங்கோட்டுல மக ஊட்டுல இருக்கா. வேற யாருக்கும் இதுல ஒரு சுளைகூடக் கிடையாதுன்னு முடிவு பண்ணித்தான் பஸ் ஏறினேன்.

அது என்னங்க உங்க கையில, கதைப் புஸ்தகமா? சிறுகதையா? அட, அப்படின்னா உங்ககிட்டத்தான் நான் நியாயம் கேக்கணும். ஆண்டவனாப் பாத்து உக்கார வச்சிருக்கான். திருச்செங்கோடு போய்ச் சேர அரை மணி நேரம் ஆகும். அதுக்குள்ள சொல்லிருவேன்.

நானும் கதை எழுதறவன்தாங்க. சிரிக்காதீங்க. பேரு சென்னியப்பன். படிச்சது அஞ்சாவது, அதுலயும் பாதி. முப்பத்தாறு வருசம் லாரி ஓட்டினேன். சங்ககிரியில பொறந்தவன் கையில பேனா எங்க இருக்கும், ஸ்டேரிங்தான் இருக்கும். ஆனா கதை சொல்லச் சொன்னீங்கன்னா, தாபாவுல ரொட்டி போடறவன் ரொட்டியைக் கருக விட்டுட்டுக் கேப்பான். அப்படிச் சொல்லுவேன்.

எங்கூர்ல லாரிப் பட்டறை மாடியில மாசத்துல ரெண்டாவது ஞாயித்துக்கிழமை ஒரு கூட்டம் நடக்குது. மலையடிக் கதை வட்டம்னு பேரு. பத்துப் பதினஞ்சு பேரு. எல்லாரும் என்னாட்டம் எழுதிப் பழகறவங்கதான். எல்ஐசி ஏஜெண்டு இளங்குமரன், தையக்கடை வச்சிருக்கற பொண்ணு ஒண்ணு, இப்படி. அதை நடத்தறது லீலாவதி அம்மா. டெலிபோன் எக்சேஞ்சுல வேலை பாத்து ரிட்டயர் ஆனவங்க. ஊர் பேசினதையெல்லாம் முப்பது வருசம் காதுல வாங்கினவங்க. அவங்களை ஏமாத்த முடியாது.

அங்க ஒரு வழக்கம் உண்டுங்க. எழுதினவங்க பேரை எடுத்துட்டு ரெண்டு கதையை ஜோடி சேப்பாங்க. இளங்குமரன் ரெண்டையும் படிப்பான். அவன் படிச்சா சுமாரான கதையும் கண்ணுல தண்ணி வர வச்சுரும். அப்பறம் லீலாவதி அம்மா கரும்பலகையில நடுவுல ஒரு கோடு போடுவாங்க. இடது பக்கம் ஒரு கதை, வலது பக்கம் ஒரு கதை. எதுல என்ன குறியீடு, அது எதைச் சொல்லுதுன்னு ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கறது. முடியற வரைக்கும் எழுதினவன் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தா மூணு மாசத்துக்கு அவன் கதை கிடையாது.

குறியீடுன்னா உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது அப்ப. மொதமொதல்ல நான் எழுதின கதையில ரோட்டுக்கு நடுவுல ஒரு எருமை படுத்திருக்கும். நெசமாவே அதிலாபாத் பக்கத்துல நான் பாத்த எருமைங்க அது. ஹாரன் அடிச்சு அடிச்சுக் கை வலிச்சுப்போச்சு. அந்த எருமை எமன்னாங்க. சாவைக் கண்டு நிக்கற மனுசன்னாங்க. கை தட்டினாங்க. நானும் சும்மா தலையை ஆட்டிட்டு உக்காந்திருந்தேன். பேசக் கூடாதில்ல, ரொம்ப வசதியாப் போச்சு. அன்னிக்கி ராஜா மாதிரி படி இறங்கி வந்தேன்.

அந்த அம்மணி மடியில பாப்பா அழுகுது பாருங்க. பல்லு மொளைக்குதாட்டம் இருக்குது. ஏ கண்ணு, இந்தா! வாங்கிக்க அம்மணி, பரவால்ல. நீயும் ஒண்ணு எடுத்துக்க. பன்னண்டுல ரெண்டு போனா என்ன. நீங்களும் ஒண்ணு எடுங்க சார். கதை கேக்கறவங்களுக்குக் கை சும்மா இருக்கக் கூடாது.

போன மாசம் ஒரு கதை எழுதினேன். "நாக்பூர்ப் பழம்"னு பேரு. எங்கூட்டுக் கதைதான். ஒரு டிரைவரு. பதினெட்டு நாள், இருவது நாள் கழிச்சு வருவான். வரும்போது நாக்பூர்ல ஒரு மூட்டை ஆரஞ்சு வாங்கிட்டு வருவான். காத்தால வாசல்ல உக்காந்து மூட்டையை அவுத்தான்னா தெருவே மணக்கும். மகளுக்கு உரிச்சு ஊட்டுவான். மகனுக்கு ஊட்டுவான். கூட வந்த கிளீனருக்கு நாலு. பக்கத்து ஊட்டு வாத்தியாருக்கு ரெண்டு, படிச்ச மனுசன். குலசாமிக்கு ஒண்ணு. பொண்டாட்டி தோலையெல்லாம் பொறுக்கிட்டுப் போயி, மூலையில உக்காந்து கன்னத்துல வச்சுக்குவா. ஊரு பூராச் சுத்தி வந்த டிரைவருக்கு, அந்தக் கன்னத்தைப் பாத்ததும் களைப்பெல்லாம் பறந்துபோகும். அத்தோட கதை முடியுது. எப்படி இருக்குங்க? சொல்லுங்க, நல்லாத்தானே இருக்குது?

எழுதி முடிச்சதும் பாவாயிக்குப் போன் போட்டேன். பாவாயி எம் பொண்டாட்டி. பதினாலு மாசமா மக ஊட்டுல இருக்கா. மூட்டு வலி. எங்கூட்டுல வாசப்படி உசரம், மக ஊட்டுல படி இல்லை. அதுக்குத்தான் போனா. வேற ஒண்ணுமில்லை. ஒவ்வொரு கதையும் எழுதினதும் அவளுக்குப் போன்ல படிச்சுக் காட்டுவேன். ம், ம்னு கேட்டுக்குவா. இந்தக் கதையையும் முழுசாப் படிச்சேன்.

முடிஞ்சதும், "கதையில நான் வர்றனா?"ன்னு கேட்டா.

"வர்றயே புள்ள. தோலை வச்சுக்கறயே, அது நீதான்."

"ம்"னா. போனை வச்சுட்டா. கூச்சம்னு நினைச்சுக்கிட்டேன்.

கூட்டத்தன்னிக்கி வெள்ளைச் சட்டை போட்டுட்டுப் போனேன். இளங்குமரன் என் கதையைப் படிச்சான். ரெண்டு மூணு பேரு "ஆகா"ன்னாங்க. நான் தரையைப் பாத்துட்டே உக்காந்திருந்தேன், யாரு எழுதினதோன்னு. அப்பறம் அடுத்த கதை. தபால்ல வந்ததுன்னு சொன்னாங்க. "கன்னம்"னு பேரு.

ஒரு பொம்பளை சொல்றாப்பல இருந்துது. "ஆரஞ்சு வாசம் வந்தா நான் மூக்கைப் பொத்திக்குவேன்"னு ஆரம்பிச்சுது. லாரி வந்த அன்னிக்கி அடி, மறுநா காத்தால பழம், அப்படின்னு போச்சு. எல்லாரும் திம்பாங்களாம். இவ வாசல்ல கெடக்கற தோலைப் பொறுக்கி வீங்கின கன்னத்துல வச்சு அழுத்திக்குவாளாம். கிழிஞ்ச எடத்துல சாறு பட்டா எரியுமாம், எரிஞ்சாலும் குளிர்ச்சியாம். கடைசியில அவளுக்கு வயசாயிருது. பேத்தி ஒரு சுளையை அவ வாயில வைக்கறா. இவ கொட்டையோட சேத்துக் கடிச்சுடறா. கசக்குது. "துப்பணும் அம்மாயி, உனக்குத் தெரியாதா?"ங்குது அந்தப் புள்ள. "தெரியாது சாமி, நான் இன்னிக்குத்தான் திங்கறேன்"ங்கறா. அத்தோட முடிஞ்சுது.

தையக்கடைப் பொண்ணு மூக்கைச் சிந்திட்டிருந்தா. எனக்கு மொதல்ல ஒண்ணும் தோணலைங்க. நாக்பூர் போற லாரி எங்கூர்ல எத்தனையோ இருக்குது. ஆரஞ்சு வாங்காத டிரைவர் எவன்? ஆனா அந்தக் கதையில வாத்தியாருக்கு ரெண்டு பழம் குடுக்கறான். அதுதான் நெஞ்சுல முள்ளு மாதிரி குத்துச்சு.

கண்டக்டர் தம்பி, இங்க வாப்பா. ஒண்ணு நீ எடுத்துக்க, ஒண்ணு டிரைவர்கிட்டக் குடு. வண்டி ஓட்டும்போது வேண்டாம்னு சொல்லு, ஸ்டேண்டுல நிறுத்திட்டுச் சாப்பிடட்டும். நம்ம தொழில்காரன் இல்லீங்களா.

அட, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். அந்த அடி சமாச்சாரம். நான் இல்லைன்னு சொல்லலை. இருவது நாள் தூக்கமில்லாம ஸ்டேரிங் பிடிச்ச கை, சும்மா இருக்குமா? சோறு ஆறிப்போச்சுன்னா ஒண்ணு வைப்பேன். எதுத்துப் பேசினா ரெண்டு. எதுத்துப் பேசாட்டியும், ஏன் ஊமையாட்டம் நிக்கறேன்னு ஒண்ணு. எல்லா ஊட்டுலயும் நடக்கறதுதான். அதையெல்லாம் கதையில எழுதுவாங்களா? லீலாவதி அம்மாதான் சொல்லிக் குடுத்தாங்க, கதைக்கு வேண்டாததை வெட்டுங்க ஐயான்னு. வெட்டிட்டேன். வெட்டினது தப்பாங்க?

அப்பறம் பலகையில கோடு போட்டாங்க. இடது பக்கம் என் கதை, வலது பக்கம் தபால்ல வந்த கதை.

"ரெண்டுலயும் ஆரஞ்சு வருது. இடது பக்கத்துல ஆரஞ்சுன்னா என்ன?"ன்னு கேட்டாங்க லீலாவதி அம்மா.

"பாசம் மேடம்"னான் இளங்குமரன். எழுதினாங்க.

"வலது பக்கத்துல?"

தையக்கடைப் பொண்ணு மெதுவாச் சொன்னா: "சமாதானம் பேச வந்த ஆளு மேடம். அடிச்சவன் தான் வராம, தனக்குப் பதிலா அனுப்பிச்ச ஆளு."

என்னா பேச்சு பாருங்க. பழம் எங்கயாச்சும் சமாதானம் பேசுமா? எருமை எமனாகலாம், அது வேற.

"சரி, இடது பக்கத்துல யார் யார் பழம் தின்னாங்க?"

ஆளாளுக்குச் சொன்னாங்க. மக. மகன். கிளீனர். வாத்தியார். சாமி. ஒவ்வொண்ணா எழுதிட்டு, "அந்த வீட்டம்மா?"ன்னாங்க. இளங்குமரன் தாளைத் திருப்பித் திருப்பிப் பாத்தான். "தோல்னு இருக்குதுங்க மேடம்."

"வலது பக்கத்துல?"

"அதுலயும் தோல்தான்."

"ரெண்டு கதையும் ஒத்துப்போற ஒரே இடம் இதுதான்"னு சொல்லி, ரெண்டு பக்கமும் தோல்னு எழுதி அடியில கோடு போட்டாங்க. சாக்பீஸ் கிரீச்சுன்னுது.

அத்தோட விட்டிருக்கலாம். விடலைங்க. "இடது பக்கத்துல அந்தம்மா தோலை எதுக்குக் கன்னத்துல வைக்கறாங்க?"

"அழகுக்கு."

"அழகுக்குன்னு யார் சொல்றது? அந்தம்மாவா?"

"இல்லை மேடம், கதை சொல்றவரு. அந்தம்மா கதையில ஒரு வார்த்தைகூடப் பேசறதில்லை."

ஊட்டுலயும் அவ பேச மாட்டா. உள்ளதை உள்ளபடி எழுதினேன்.

"எந்தக் கன்னம்?"

இளங்குமரன் படிச்சுப் பாத்துட்டு, "இடது கன்னம்"னான். "வலது பக்கக் கதையிலயும் இடது கன்னம்தான் மேடம்."

லீலாவதி அம்மா சாக்பீஸைக் கீழ வச்சாங்க. "அழகுக்குன்னா ரெண்டு கன்னத்துலயும் வைப்பாங்க. சோத்துக் கையால அடிச்சா இடது கன்னத்துலதான் விழும்"னாங்க. சத்தமாச் சொல்லலை. போன்ல நம்பர் சொல்றாப்பல சொன்னாங்க.

எம் மடியில எஞ் சோத்துக் கை கெடந்துது. நான் பாக்கணும்னு பாக்கலை. கெடந்துது, பாத்தேன்.

எந்திரிச்சுட்டேனுங்க. "அது எம் பொண்டாட்டி கன்னம்! எதுக்கு வச்சான்னு எனக்குத் தெரியாதா?"ன்னு கத்தினேன்.

"எழுதினவங்க பேசக் கூடாது ஐயா."

"நான் எழுதினவனாப் பேசலை, புருசனாப் பேசறேன்! கொட்டை இருக்கறதே தெரியாதாம்! வாசல்ல கெடந்த கொட்டையைக் கூட்டி வாரினவளுக்குத் தெரியாதா? யாராச்சும் நம்புவாங்களா?"

லீலாவதி அம்மா சொன்னாங்க: "கூட்டி வாரினவங்களுக்குக் கொட்டை தரையிலதான் ஐயா பழக்கம். வாயில பழக்கமில்லை."

அப்பறந்தான் எனக்கு உறைச்சுது. ரெண்டாவது கதை எங்கூட்டுக் கதைன்னு நானே ஊருக்குச் சொல்லிட்டேன். அது வரைக்கும் யாருக்கும் தெரியாது. பேரு இல்லாத கதைங்க அது.

எந்தக் கதை நல்லாருக்குன்னு கை தூக்கச் சொன்னாங்க. வலது பக்கத்துக்கு அத்தனை கையும். இடது பக்கத்துக்கு ஒரு கை. அது என் கை.

அதை இறக்காமயே, "இது திருட்டுக் கதை, சேத்துக்கக் கூடாது"ன்னு சொன்னேன். என் ஆரஞ்சு, என் தோலு, என் வாத்தியாரு. நான் போன்ல படிச்சுக் காட்டினதைக் கேட்டு எழுதினது. திருட்டுத்தானே? "யாரோடதை யாரு எடுத்தது ஐயா?"ன்னு கேட்டாங்க லீலாவதி அம்மா. அவ்வளவுதான் பதில். வாயைத் திறந்ததுக்கு மூணு மாசம் கதை கிடையாது. அதான் பஸ்ஸுல சொல்லிட்டுப் போறேன். பஸ்ஸுல எவனும் கோடு போட மாட்டான்.

பின்னால காலேஜ் பசங்க மூணு பேரு இந்தப் பையவே பாத்துட்டிருக்கானுக. வாசம் இழுக்குது, பாவம். தம்பிகளா, ஆளுக்கு ஒண்ணு பிடிங்க. இருங்க, எனக்கும் தொண்டை வறண்டுபோச்சு. நானும் ஒண்ணு உரிச்சுக்கறேன். இனிப்புப் பாருங்க! அமுக்கிப் பாத்து எடுத்ததில்ல.

மறுநா காத்தால மகளுக்குப் போன் பண்ணினேன். கலாமணின்னு பேரு. பிளஸ் டூ படிச்சவ. அவதான் எழுதியிருப்பான்னு நினைச்சேன். பாவாயிக்குக் கையெழுத்துப் போட மட்டுந்தான் தெரியும். "ஏ கலாமணி, பெத்த அப்பனைச் சந்தி சிரிக்க வச்சுட்டயே"ன்னேன்.

"நான் எழுதலைங்கப்பா"ன்னா. "அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு எழுத்துக்கூடச் சேக்கலை. அங்கதான் அனுப்பணும்னு அம்மாதான் சொன்னாங்க."

கதை சொல்றவன் நானு. நாப்பத்திமூணு வருசமா ம், ம்னு மட்டும் சொன்னவ அவ. அவளுக்கு எங்க இருந்து வந்துது இந்தக் கதை?

"அம்மா பக்கத்துலதான் இருக்காங்க. எந்தக் கதைக்கு நெறையக் கை தூக்கினாங்கன்னு கேக்கறாங்க"ன்னா கலாமணி.

"எனக்குத்தான்"னேன்.

அந்தப் பக்கம் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டுது. பாவாயி சிரிக்கறா. அவ சிரிச்சு நான் சத்தம் கேட்டதில்லைங்க. சத்தமில்லாமச் சிரிக்கறவன்னுதான் இத்தனை வருசமா நினைச்சிட்டிருந்தேன்.

"உங்கம்மா இங்க வர்றாளா, இல்லை அங்கயே இருந்துக்கறாளா? இன்னிக்கே தெரியணும்"னு கோவமாத்தான் கேட்டேன். கோவம்தாங்க. ஆனா அந்த ஊட்டுல தனியா ஆறின சோத்தை நானே போட்டுத் திங்கறது பதினாலு மாசம். அது உங்களுக்குச் சொன்னாப் புரியாது. கலாமணி போனைக் கையால மூடிக்கிட்டு என்னமோ பேசினா. அப்பறம் சொன்னா:

"அம்மா உங்களை ஒரு தடவை வரச் சொல்றாங்க. கையில என்ன கொண்டுட்டு வர்றீங்கன்னு பாத்துட்டு, வர்றதா வேண்டாமான்னு அப்பச் சொல்றாங்களாம்."

வேற என்னத்தைக் கொண்டுட்டுப் போறது? அவ கதையைக் கேட்டவனுக்குத் தெரியாதா? எனக்கும் குறியீடு வருமுங்க, ரெண்டு வருசமாக் கேட்டுட்டுத்தானே இருக்கேன். ஒரு டஜன் பழம். மொத்தமும் அவளுக்கு. வாசல்ல உக்காந்து, என் கையால உரிச்சு, கொட்டையெல்லாம் எடுத்துட்டு, மொதச் சுளை அவ வாயில. யாருக்கும் குடுக்கக் கூடாது, மாப்பிள்ளை கேட்டாலும் குடுக்கக் கூடாது. அப்படித்தான் ராத்திரி பூரா யோசிச்சு வச்சேன். அவளால எப்படி மறுக்க முடியும்? சொல்லுங்க.

மலை தெரியுது பாருங்க. ஊரு வந்துருச்சு. உங்களுக்கு இங்கதான் இறங்கணுமா, ஈரோடா? ஈரோடு வரைக்கும் வெறுங்கையாப் போவீங்க, இன்னொண்ணு எடுத்துக்குங்க. அட, எடுங்க சார். என் கதையைக் கேட்டீங்க, குறுக்க ஒரு வார்த்தை பேசலை. வட்டத்துல ஒருத்தனுக்கு இந்தப் பொறுமை கிடையாது. உங்களுக்குக் குடுக்காம யாருக்குக் குடுக்கறது?

பையைக் குடுங்க, நான் வாங்கிக்கறேன். என்னங்க இது, இவ்வளவு லேசா இருக்குது.

ரெண்டுதான் இருக்குது.

பேரனும் பேத்தியும் வாசல்லயே நிக்கும். அப்புச்சின்னு காலைக் கட்டிக்கும். கையில என்னன்னுதான் மொதல்ல பாக்கும். அதுகளுக்கு இல்லைன்னு சொல்ல முடியுமா, குழந்தைக. ஆளுக்கு ஒண்ணு சரியாப் போயிரும்.

சார், சார், அதை ஜன்னல்ல வீசிறாதீங்க. தோலை இப்படிக் குடுங்க. அம்மணி, பாப்பா தின்னதோட தோலு இருக்குதா? தம்பிகளா, நீங்களும் கீழ போடாதீங்க. இந்தப் பையில போடுங்கப்பா, எல்லாம் இந்தப் பையிலயே போடுங்க. வெறுங்கையோட போய் நிக்க முடியாது. அவ பாக்கறேன்னு சொல்லியிருக்கா.